சுபேதார் சுப்ரமணியன், ஜார்ஜ் கிராஸ்: பள்ளிக் கண்காட்சிப் பலகைக்கு விவரம் சரிபார்த்துத் தர முடியுமா?

மேலத்தெரு_வாத்தியார்

வணக்கம். பள்ளி வரலாற்றுக் கண்காட்சிக்காக 4 அடிக்கு 3 அடி அளவில் ஒரு ஃப்ளெக்ஸ் பலகை தயாராகிறது. பொருள், காஞ்சிபுரம் பக்கம் கீழ் ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்ரமணியன். இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடி மேல் பாய்ந்து படுத்துத் தன்னுடன் வந்தவர்களின் உயிரைக் காப்பாற்றியவர். அதற்காக மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. இவ்வளவும் உறுதி. பலகையில் 150 சொல்லுக்கு மேல் இடமில்லை, அதனால் ஒரு சொல்லும் தப்பாகக் கூடாது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் இவை:

1. கண்ணிவெடி மிதித்த உடனே வெடிக்கும். அப்படியிருக்க அவருக்குப் பாய்ந்து படுக்க நேரம் எங்கிருந்து வந்தது?

2. ஒரு மனிதர் மேலே படுத்தால் வெடி எப்படி மற்றவர்களைத் தாக்காமல் போகும்? உதைத்துத் தள்ளியிருக்கலாமே, எல்லோரும் ஓடியிருக்கலாமே?

3. சில இடங்களில் விக்டோரியா கிராஸ் என்று போட்டிருக்கிறது. எது சரி, ஏன்?

4. ரிப்பன் என்ன நிறம்? பலகை ஓரத்தில் வரைய வேண்டும்.

தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள். பிள்ளைகள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்.

---

இரும்புக்குண்டு

முதல் இரண்டு கேள்விக்கும் விடை அந்த வெடியின் அமைப்பிலேயே இருக்கிறது. பிள்ளைகள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள்.

சாதாரண மிதிவகை வெடி காலடியிலேயே வெடிக்கும். அதன் மேல் பாயும் கேள்வியே எழாது. மிக்னானோவில் தூண்டப்பட்டதற்கும் வெடித்ததற்கும் நடுவில் சில விநாடி கிடைத்தது. அந்த இடைவெளி ஜெர்மானியர்களின் எஸ்-மைனுக்கு உரிய குணம். எஸ் என்பது அவர்கள் மொழியில் ஷ்ராப்னல் என்பதன் முதலெழுத்து. நேச நாட்டுப் படைகள் அதிகம் அஞ்சிய ஆள்கொல்லி வெடி இதுதான், ஏனென்றால் இது துள்ளி எழுந்து வெடிக்கும்.

வெளித்தோற்றம் ஒரு பெரிய டப்பா மாதிரி. குறுக்களவு சுமார் 10 சென்டிமீட்டர், உயரம் மேல்முனை சேர்க்காமல் 13 சென்டிமீட்டர் வரை, எடை சுமார் 4 கிலோ. கழுத்து வரை மண்ணில் புதைந்திருக்கும். மேலே மூன்று சிறு கம்பிக் கொம்புகள் மட்டும் புல்லுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் டிஎன்டி 200 கிராமைக் கூட எட்டாது. ஆனால் அதைச் சுற்றி 360 அளவில் எஃகுக் குண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். கொல்வது அந்தக் குண்டுகள்.

வேலை செய்யும் வரிசை இப்படி:

கொம்பில் ஏழெட்டுக் கிலோ அழுத்தம் விழுந்தால் போதும், அல்லது அதோடு கட்டிய கம்பியில் கால் தடுக்கினால் போதும், தூண்டுமுனை சிறு சத்தத்தோடு பற்றிக்கொள்ளும். பிறகு சுமார் 4 விநாடி ஒன்றும் நடக்காது. அதன்பின் அடியில் உள்ள கருமருந்து எரிந்து, உள்டப்பாவை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கி வீசும். இடுப்பு மட்டத்தில் முக்கிய வெடிமருந்து வெடித்து, குண்டுகள் தரைக்கு இணையாக நாலாபக்கமும் பாயும். 20 மீட்டருக்குள் நிற்பவர் பிழைப்பது அரிது. 100 மீட்டரில் நிற்பவருக்கும் காயம் படலாம்.

மிதித்தவர் காலை எடுக்காத வரை வெடிக்காது என்று எங்காவது படித்திருந்தால் மறந்துவிடுங்கள். எஸ்-மைனுக்கு அது பொருந்தாது. மிதித்த கணத்திலேயே கணக்கு தொடங்கிவிடும், கால் அங்கே இருந்தாலும் எடுத்தாலும் ஒன்றுதான்.

இனி, உடம்பு எப்படித் தடுத்தது? இரண்டு விதமாக. 4 கிலோ டப்பாவைத் தூக்க அளந்து வைத்த கருமருந்தால், அதன் மேல் ஐம்பது அறுபது கிலோ மனித உடல் கிடக்கும்போது டப்பாவை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோக முடியாது. தரை மட்டத்திலேயே வெடித்துவிடும். அப்போது பக்கவாட்டில் பாயும் குண்டுகளில் பெரும்பகுதி குழியின் மண்சுவருக்குள் போகும். மேல்நோக்கி வருவதை உடல் வாங்கிக்கொள்ளும். இது வெடியைச் செயலிழக்கச் செய்வது ஆகாது. அது வெடிக்கும் உயரத்தை மாற்றுவது, அவ்வளவுதான். உயரம் மாறினால் இந்த வெடியின் கொல்லும் வட்டமே சுருங்கிவிடும்.

இதே செயலை டெல்லர் மைன் மேல் செய்தால் யாரையும் காப்பாற்ற முடியாது. அது டாங்குக்காக வைப்பது, 5 கிலோவுக்கு மேல் வெடிமருந்து கொண்டது. அங்கே குண்டைத் தடுக்கும் பேச்சே இல்லை, வெடிப்பின் அழுத்தமே அருகில் நிற்பவரைக் கொன்றுவிடும். ஆகவே எந்த வெடி என்று அடையாளம் தெரிந்தவருக்குத்தான் அந்த 4 விநாடி பயன்படும். அவர் இருந்த சாப்பர் எனும் ராணுவப் பொறியாளர் படைக்கு அந்த அறிவு அன்றாடத் தொழில். பலகையில் எல்லோரும் "உணர்ச்சி வேகத்தில் பாய்ந்தார்" என்று எழுதுகிறார்கள். அது அவரைக் குறைத்துச் சொல்வது. என்ன நடக்கும், எத்தனை விநாடியில் நடக்கும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டிய தொழில்காரர் செய்த செயல் அது.

உதைக்க முடியாது, காரணம் டப்பா மண்ணுக்குள் இருக்கிறது. ஓடுவது பற்றி, வெடிநிலத்தில் பாதை அமைக்கும் வேலை தெரிந்தவர் யாராவது கீழே எழுதினால் நல்லது.

---

வன்னிக்காற்று

நான் எழுதுறன். முதலில் சொல் பற்றி ஒரு குறிப்பு. எங்கட பக்கம் காலடியில் வெடிக்கிறதை மிதிவெடி எண்டு சொல்லுவம். தமிழ்நாட்டில் எல்லாத்துக்கும் கண்ணிவெடி எண்ட ஒரே சொல்தான். எஸ்-மைனுக்கு இரண்டும் பொருந்தும்: கொம்பை மிதித்தால் மிதிவெடி, கம்பி கட்டி விட்டால் உண்மையிலேயே கண்ணி. பலகையில் கண்ணிவெடி எண்டே விடுங்கோ. பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தை வாயால் சொன்னால் போதும்.

ஓடேலாது எண்டதன் காரணம், அவை நிண்ட இடம் ஒரு பாதை. அந்தக் காலத்து முறையைச் சொல்லுறன்.

முன்னுக்கு ஒருத்தர் டிடெக்டரோட போவார். 1942க்குப் பிறகு பிரித்தானியப் படைகளில் பரவலா இருந்தது போலிஷ் டிடெக்டர். கொசாட்ஸ்கி எண்ட போலந்து அதிகாரி ஸ்கொட்லாந்தில் வடிவமைச்சது. எடை 14 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நீளக் கம்பு நுனியில் தட்டு, முதுகில் பெட்டி, காதில் ஹெட்போன். தட்டை இடம் வலமா தரைக்கு மேல் ஆட்டிக்கொண்டு போகவேணும். உலோகம் இருந்தால் காதில் ஒலி மாறும். அவருக்குப் பின்னால் வாறவர் வெள்ளை நாடா விரிச்சு, பார்த்து முடிச்ச எல்லையைக் காட்டுவார். சந்தேகமான இடத்தை இன்னொருத்தர் துப்பாக்கிக் கத்தியால் குத்திப் பார்ப்பார். செங்குத்தாக் குத்தக் கூடாது, ஏறக்குறைய 30 பாகையில் சரிச்சுக் குத்தவேணும். அப்பதான் கத்தி முனை வெடியின் பக்கத்தில் முட்டும், தலையில் அழுத்தாது. இண்டைக்கும் வெடி அகற்றுறவை இந்தச் சரிவைத்தான் படிக்கினம்.

பிழைக்கிற இடங்கள் எவை எண்டால்:

இத்தாலியில் சண்டை நடந்து முடிஞ்ச நிலம் முழுக்க ஷெல் துண்டுகள். டிடெக்டர் ஓயாமல் சத்தம் போடும். நூறு தரம் பொய்ச் சத்தம் கேட்ட காது நூற்றியோராவது தரம் ஏமாறும். அதனாலதான் டிடெக்டர்காரரைக் கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா மாத்துறது. மிக்னானோவுக்கு ஊடாக நேப்பிள்ஸ்–ரோம் தண்டவாளமும் ஆறாம் இலக்க நெடுஞ்சாலையும் போகுது. ரெண்டிலும் இரும்பு மிச்சம் கிடக்கும். அதோட ஜெர்மன்காரர் மரப்பெட்டி மிதிவெடியும் புதைச்சவை, ஷூ-மைன் எண்டு சொல்லுறது. அதில் உலோகம் அற்பம், டிடெக்டருக்குத் தெரியாது. பெப்ரவரியில் மழைச் சேறு வேற. சேறு மூடின கொம்பு கண்ணுக்குத் தெரியாது.

இப்ப ஓடுற கேள்விக்கு வாறன். நாடாவுக்கு உள்ளே ஒற்றை வரிசையிலதான் திரும்பலாம். நாடாவுக்கு வெளியே ஒரு அடி வைத்தால் அங்கே இன்னொரு வெடி இருக்கலாம். எஸ்-மைன் தனியா வைக்கிற வெடி இல்லை, கூட்டமாத்தான் வைக்கிறது. நாலு விநாடியில் ஒரு விநாடி சத்தத்தை விளங்கிக்கொள்ளப் போகும். மிச்சம் மூண்டு விநாடியில், பாரத்தோட, வரிசையில், சேற்றில் எவ்வளவு தூரம் போகலாம்? தடையில்லாமல் ஓடினாலே பதினைஞ்சு மீட்டர். 20 மீட்டருக்குள்தான் நிப்பினம், அதுவும் முதுகைக் காட்டி நிமிர்ந்தபடி. எஸ்-மைனுக்கு அதைவிட வசதி இல்லை.

சரியான தற்காப்பு, உடனே குப்புற விழுறது. குண்டு தரைக்கு இணையாகப் பறக்கிறபடியால் கொஞ்சம் தள்ளி விழுந்தவர் தப்பலாம். ஆனால் ஓரிரு மீட்டரில் நிக்கிறவருக்கு அது பெரிசா உதவாது, வெடிக்கிறது அவரின்ர தலைக்கு மேல. மற்றது, குழுவில் எல்லாரும் ஒரே கணத்தில் விளங்கிக்கொண்டு விழவேணும். அதை நம்பி இருக்க முடியாத நேரம் அது.

வகுப்பில் இதைச் செய்து காட்டலாம். இரண்டு வெள்ளை நாடாவை 2 அடி இடைவெளியில் 30 அடி நீளத்துக்கு விரியுங்கோ. ஆறு பிள்ளைகளை ஒற்றை வரிசையில் உள்ளே விடுங்கோ, ஒவ்வொருத்தர் தோளிலும் புத்தகப் பை. நீங்கள் கை தட்டினதும் நாடாவைத் தொடாமல் திரும்பி வெளியேற வேணும். ஸ்டொப்வாட்சில் 4 விநாடி. ரெண்டு பேர் கூட வெளிய வரமாட்டினம். அதுக்குப் பிறகு ஓடியிருக்கலாமே எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

---

பதக்கப்பெட்டி

மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு.

ஜார்ஜ் கிராஸ்தான் சரி. விக்டோரியா கிராஸ் என்று போட்டிருப்பது பிழை. அதற்காக விக்டோரியா கிராஸ் பெரியது, இது கொஞ்சம் சின்னது என்று யாராவது விளக்கினால் அதுவும் பிழை. இரண்டும் ஒரே தரத்து விருதுகள். அணியும் வரிசையில் மட்டும் விக்டோரியா கிராஸ் முதலில் வரும்.

வேறுபாடு சூழ்நிலையில் இருக்கிறது. விக்டோரியா கிராஸ் பெற எதிரியின் முன்னிலையில் செய்த வீரமாக இருக்க வேண்டும். ஜார்ஜ் கிராஸ் 1940 செப்டம்பர் 24 அன்று ஆறாம் ஜார்ஜ் மன்னர் நிறுவியது. லண்டன் மீது குண்டுவீச்சு நடந்த காலம். குண்டு செயலிழக்கச் செய்தவர்கள், இடிபாட்டில் புகுந்து ஆள் மீட்டவர்கள் போன்ற பொதுமக்களை மனத்தில் வைத்து உருவானது. ராணுவத்தினருக்கும் உண்டு, ஆனால் அந்தச் செயலுக்கு வழக்கமான போர்க்கள விருது பொருந்தாத நிலை இருக்க வேண்டும்.

மிக்னானோவை வரைபடத்தில் பார்த்தால் இது விளங்கும். காசினோவுக்குத் தென்கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கிறது. 1943 டிசம்பரில் அங்கே மோன்டே லுங்கோ, சான் பியெத்ரோ சண்டைகள் நடந்தன. 1944 ஜனவரி நடுவில் ஜெர்மானியர் பின்வாங்கி காசினோ வழியாகப் போகும் குஸ்தாவ் தற்காப்புக் கோட்டில் நின்றுவிட்டார்கள். பிப்ரவரி 15 அன்று காசினோ மடாலயம் குண்டுவீசித் தகர்க்கப்பட்டது. அடுத்த மூன்று நாட்கள் 4ஆவது இந்திய டிவிஷன் அந்த மலையில் மோதியது. அடுத்த பெரிய தாக்குதல் மார்ச் 15 அன்றுதான். நடுவில் வருகிறது பிப்ரவரி 24. போர்முனை முன்னால் நகர்ந்துவிட்டது, எதிரி விட்டுப்போன வெடிகள் பின்னால் மண்ணுக்குள் கிடக்கின்றன. துப்பாக்கியோடு எதிரே நிற்கும் எதிரி இல்லாத வேலை இது. அதனால் ஜார்ஜ் கிராஸ்.

இன்னொரு குழப்பக் காரணமும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. அவருடைய படைப்பிரிவின் அன்றைய முழுப்பெயர் குயீன் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். விக்டோரியா என்ற சொல் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அவசரமாகப் படிப்பவர் விருதோடு முடிச்சுப் போட்டுவிடுவார்.

பதக்கம்: வெள்ளியால் ஆன நேர்ச் சிலுவை, உயரம் 48, அகலம் 45 மில்லிமீட்டர் அளவு. நடு வட்டத்தில் புனித ஜார்ஜ் குதிரை மேலிருந்து டிராகனைக் குத்தும் உருவம். அதைச் சுற்றி "ஃபார் காலன்ட்ரி" என்று ஆங்கில எழுத்து. சிலுவையின் நான்கு உள்மூலைகளிலும் மன்னரின் முத்திரை எழுத்து. பின்புறம் வெறுமையாக இருக்கும், அங்கே பெற்றவரின் பெயர் பொறிக்கப்படும். மேலே இலைக்கொத்து செதுக்கிய பட்டை, அதில் ரிப்பன்.

ரிப்பன் கருநீலம், கோடு எதுவும் கிடையாது, அகலம் ஒன்றரை அங்குலம். விக்டோரியா கிராஸ் ரிப்பன் கருஞ்சிவப்பு. பலகையில் சிவப்பு அடித்துவிட்டால் தெரிந்தவர் தூரத்திலிருந்தே தப்பு என்று சொல்லிவிடுவார். ஃப்ளெக்ஸ் அச்சில் கருநீலம் பெரும்பாலும் ஊதாவாக விழும். அச்சுக் கடையில் முழுப் பலகை போடுவதற்கு முன் அரையடித் துண்டு ஒன்று சோதனை அச்சு எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஊதா தட்டினால் மெஜந்தாவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் "இப்போது இந்தியாவில் இதற்கு இணை எது" என்று கட்டாயம் கேட்பார்கள். எதிரி முன்னிலையில் என்றால் பரம்வீர் சக்ரா, மற்ற சூழ்நிலையில் என்றால் அசோக சக்ரா. 1952இல் தொடங்கியபோது அதன் பெயர் அசோக சக்ரா முதல் வகுப்பு, 1967 முதல் வெறும் அசோக சக்ரா. 2014 ஏப்ரலில் ஷோபியானில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்குக் கிடைத்தது இதுதான்.

---

மேலத்தெரு_வாத்தியார்

மூவருக்கும் மிக்க நன்றி. நாடா விளையாட்டை நாளைக்கே செய்துபார்க்கிறேன். பலகைக்கு ஒரு வரைவு எழுதினேன், தயங்காமல் வெட்டுங்கள்:

"நம் மண்ணின் மைந்தர் சுபேதார் மேஜர் எஸ். சுப்ரமணியன், மெட்ராஸ் சுரங்கத் தொழிலாளர் படையில் பணியாற்றினார். 24.02.1944 அன்று இத்தாலியில் எதிரிகளோடு கடும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, கண்ணிவெடி ஒன்று வெடிக்க, அதன் மேல் பாய்ந்து நூற்றுக்கணக்கான வீரர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் இவரே. இங்கிலாந்து மன்னர் இவருக்குப் பதக்கம் அணிவித்தார்."

இணையத்தில் கிடைத்த ஒரு படத்தையும் நடுவில் போடலாம் என்றிருக்கிறேன்.

---

சாப்பர்_குறிப்பேடு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வரைவைப் பார்த்ததும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. வாத்தியார் ஐயா, மன்னிக்கவும், ஏழு இடங்களில் கை வைக்கிறேன்.

அவர் சுபேதார். சுபேதார் மேஜர் என்பது அதற்கு மேல் உள்ள தனிப் பதவி. ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று மூன்று படி. அந்தக் காலத்தில் இவர்களை வைஸ்ராய் கமிஷன் பெற்ற அதிகாரிகள் என்பார்கள். இன்று ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்). ஜமேதார்தான் பின்னால் நாயப் சுபேதார் ஆனது. பிரிட்டிஷ் அதிகாரிக்கும் தமிழ் பேசும் சாப்பருக்கும் நடுவில் நின்று, வேலையை நேரில் நடத்துபவர் சுபேதார். ஒரு சுபேதார் தன் ஆட்களோடு வெடிநிலத்துக்குள்ளேயே நின்றார் என்பது பதவி சரியாக இருந்தால்தான் படிப்பவருக்கு உறைக்கும்.

"எஸ்." என்ற முன்னெழுத்தை எடுத்துவிடுங்கள். ஆவணத்தில் ஒற்றைப் பெயர்தான். அந்தக் காலத்து மதராஸ் சிப்பாய்கள் பலர் அப்படித்தான் பதிவானார்கள். ஆங்கிலத்தில் தேடும்போது எழுத்துக்கூட்டு இடத்துக்கு இடம் மாறலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

"சுரங்கத் தொழிலாளர் படை" கூடவே கூடாது. சாப்பர் என்றால் கோட்டையை நெருங்கப் பதுங்குகுழி வெட்டுபவர். மைனர் என்றால் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைப்பவர். இரண்டும் ராணுவப் பொறியாளர் வேலை. கோலார் தங்கவயலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "மெட்ராஸ் சாப்பர்ஸ்" என்றே எழுதுங்கள், அடைப்பில் "ராணுவப் பொறியாளர் படை" போதும். 1780இல் தொடங்கிய பிரிவு. இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அந்தப் பிரிவுக்காரர்களை ராணுவம் முழுக்கத் "தம்பி" என்றுதான் கூப்பிடும். இதைப் பலகையில் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

"கடும் சண்டை நடந்துகொண்டிருந்தபோது" என்பது மேலே பதக்கப்பெட்டி சொன்னதற்கு நேர் எதிர். சண்டை என்று எழுதினால் உடனே "அப்புறம் ஏன் விக்டோரியா கிராஸ் இல்லை" என்ற கேள்வி வரும். வெடி தேடும் வேலையில் இருந்தபோது என்று எழுதுங்கள். சண்டை இல்லாத இடத்தில் வந்த சாவு என்பதால் செயல் சிறிதாகிவிடாது.

"வெடிக்க, அதன் மேல் பாய்ந்து" என்றால் வெடித்த பிறகு பாய்ந்தார் என்று ஆகிறது. தூண்டப்பட்டது, பாய்ந்தார், வெடித்தது. இந்த வரிசை மாறினால் இரும்புக்குண்டு எழுதிய அத்தனையும் வீண்.

"நூற்றுக்கணக்கான" வேண்டாம். அது ஒரு சிறு குழு. எண்ணிக்கையைப் பெருக்கினால் வீரம் கூடாது, பலகையின் மேல் நம்பிக்கை குறையும். "உடனிருந்தவர்கள்" என்று எழுதினால் உண்மை அப்படியே நிற்கும்.

"முதல் இந்தியர்" பற்றி. 1940இல் ஜார்ஜ் கிராஸ் வந்தபோது, அதற்கு முந்தைய எம்பயர் காலன்ட்ரி மெடல் வைத்திருந்தவர்கள் அதைக் கொடுத்து ஜார்ஜ் கிராஸாக மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் இந்தியர்களும் உண்டு. ஆகவே "முதல்" என்று எழுதினால் யாராவது எழுந்து நின்று மறுப்பார், மறுக்க இடமும் இருக்கிறது. விட்டுவிடுங்கள். அவருக்கு அந்தச் சொல் தேவையில்லை.

மன்னர் அணிவித்தார் என்பதும் தவறு. மறைவுக்குப் பின் வழங்கப்பட்ட விருதை அவருக்கு அணிவித்திருக்க முடியாது. "மறைவுக்குப் பின் 1944இல் அறிவிக்கப்பட்டது" என்றால் போதும். (எட்டு இடமாகிவிட்டது.)

படம்: உறுதியில்லாத படத்தைப் போடாதீர்கள். பெயர் ஒத்த வேறு சிப்பாயின் படமும், கணினி வரைந்த முகமும் இணையத்தில் அவர் பெயரில் உலவ எளிது. பள்ளிச் சுவரில் ஒரு முறை ஏறிய முகம் இருபது வருடம் அங்கேயே இருக்கும். அந்த இடத்தில் நேப்பிள்ஸ், மிக்னானோ, காசினோ, ரோம் நான்கையும் குறித்த சிறு வரைபடம் போடுங்கள். பக்கத்தில் எஸ்-மைன் மண்ணுக்குள் இருக்கும் நிலை, துள்ளிய நிலை என்று இரண்டு கோட்டுப்படம். ஓர் ஓரமாக ஜார்ஜ் கிராஸ். மூன்றும் கேள்விக்கு விடை சொல்லும் படங்கள்.

எழுத்தளவுக்கு ஒரு கணக்கு: 10 அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க ஓர் அங்குல உயரம் வேண்டும். பெயர் வரிக்கு 2 அங்குலம், மற்ற வரிகளின் எழுத்து முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல். அப்படி வைத்தால் 4 அடிக்கு 3 அடிப் பலகையில் படங்களோடு 60, 70 சொல்தான் அமரும். 150 சொல் போட்டால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

---

பதக்கப்பெட்டி

சாப்பர்_குறிப்பேடு சொன்ன அத்தனைக்கும் ஒப்புதல். "அவர் மட்டும்தானா இப்படிச் செய்தார்" என்று பிள்ளைகள் கேட்டால் சொல்ல மூன்று பெயர்கள், எல்லோரும் ஜார்ஜ் கிராஸ் பெற்ற இந்தியச் சிப்பாய்கள்.

சவார் (குதிரைப்படைச் சிப்பாய்) டிட்டோ ராம், சென்ட்ரல் இந்தியா ஹார்ஸ் படைப்பிரிவு. அதே இத்தாலி, 1944 ஜூலை 23. வெடிநிலத்தில் தானே காயம்பட்ட பிறகும் இன்னொரு சிப்பாயின் காயத்தைக் கட்டத் தவழ்ந்து போனவர். அதே நிலத்தில் தன் ஆட்களை வெளியேற்ற முயன்ற லெப்டினன்ட் யங் என்பவருக்கும் அதே விருது. லான்ஸ் நாயக் இஸ்லாமுதீன், ஜாட் ரெஜிமென்ட், 1945 ஏப்ரலில் பர்மா: கைக்குண்டின் மேல் விழுந்தார். நாயக் கிர்பா ராம், 1945 செப்டம்பரில், பெங்களூருக்கு வடக்கே தொண்டேபாவியில் பயிற்சியின்போது குறி தவறி அருகில் விழுந்த குண்டை எடுத்துத் தூர எறிய முயன்றார், அதற்குள் அது அவர் கையிலேயே வெடித்தது. போர் முடிந்துவிட்ட மாதம் அது.

லண்டனில் கான்ஸ்டிட்யூஷன் ஹில் அருகே 2002இல் திறந்த மெமோரியல் கேட்ஸ் நினைவிடத்தில் ஒரு சத்திரி மண்டபம் இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் பெற்றவர்களின் பெயர்கள் அதன் உட்கூரையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மாணவர் யாராவது ஆவணம் தேட விரும்பினால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பெயர், 1944, இத்தாலி என்று கொடுக்கச் சொல்லுங்கள். இந்துச் சிப்பாய்கள் தகனம் செய்யப்பட்டதால் கல்லறையைத் தேடக் கூடாது. இத்தாலியில் மூன்று தகன நினைவிடங்கள் உண்டு: சாங்க்ரோ ஆறு, ஃபோர்லி, ரிமினி.

---

மேலத்தெரு_வாத்தியார்

வெட்டியதில் வருத்தம் சிறிதும் இல்லை, வெட்டாமல் அச்சுக்குப் போயிருந்தால்தான் வருந்தியிருப்பேன். இதோ திருத்திய வாசகம்:

"சுபேதார் சுப்ரமணியன், ஜார்ஜ் கிராஸ். கீழ் ஒட்டிவாக்கம், காஞ்சிபுரம். மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை).

1944 பிப்ரவரி 24. இத்தாலி, மிக்னானோ. கண்ணிவெடி தேடும் குழுவோடு சென்றபோது ஒரு வெடி தூண்டப்பட்டது. அது துள்ளி எழுந்து இடுப்பு உயரத்தில் வெடிக்கும் வகை. வெடிக்கும் முன் சில விநாடிகளே இருந்தன. அவர் அதன் மேல் விழுந்து தன் உடலால் மூடினார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். மறைவுக்குப் பின் அதே ஆண்டில் ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது."

எண்ணிப் பார்த்தால் 60 சொல்லுக்குள் நிற்கிறது. "தம்பி" செய்தியை வரைபடத்தின் கீழே தனி வரியாக வைக்கிறேன்.

---

இரும்புக்குண்டு

வாசகம் நன்றாக இருக்கிறது. கோட்டுப்படத்துக்கு அளவு: மண்மட்டக் கோட்டுக்குக் கீழே டப்பா 13 சென்டிமீட்டர், மேலே கொம்புகள் மட்டும். துள்ளிய நிலையில் தரையிலிருந்து ஒரு மீட்டர். பக்கத்தில் 165 சென்டிமீட்டர் மனித உருவத்தை அதே அளவுகோலில் நிழலாக வரைந்தால் வெடி எங்கே வந்து நிற்கும் என்பது தானாகத் தெரியும். உள்பாகங்களை வரைய வேண்டாம், பலகைக்கு அது தேவையில்லை.

---

வன்னிக்காற்று

நாடா விளையாட்டுக்கு ஒரு சொல். தரை வழுக்காத இடமாப் பாருங்கோ, பிள்ளைகள் திரும்பேக்கை ஒருத்தரை ஒருத்தர் தள்ளிப்போடுவினம். ஆறு பேருக்கு மேல விடவேண்டாம்.